பச்சைப் போர்வைத் தரிசனம்

பீமவரத்துக்குக் குடிவந்த ஐந்து மாதத்தில் கிருபாவதி மூன்று சபைகள் ஏறி இறங்கிவிட்டாள். கிறிஸ்தவக் குடும்பம் புது ஊருக்கு வந்தால் சபை தேடுவது வழக்கம்தான். ஆனால் அவள் தேடியது ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாட ஒரு பாயை மட்டுமல்ல. போன ஜூலையில் வீட்டை விட்டுப் போன மகள் எஸ்தேர் ராணி உயிரோடு இருக்கிறாளா என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

எஸ்தேர் போனது டிராக்டர் ஓட்டுகிற ஒரு வேறு சாதிப் பையனோடு. போன பத்தாம் நாள், நரசாபுரம் கால்வாயில் ஓர் இளம்பெண்ணின் பிணம் ஒதுங்கியதாக ஊருக்குள் பேச்சு வந்தது. போய்ப் பார்க்கலாம் என்று கிருபாவதி புருஷன் காலைப் பிடித்தாள். யேசுபாதம் அசையவில்லை. "என் பொண்ணு ஓடிப் போனான்னு போலீஸ்காரன்கிட்ட நான் வாயால சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பிறகு ஊரே வேண்டாம் என்று இங்கே வந்து, இறால் குளத்துக்குக் காவல்காரனாகச் சேர்ந்தான். கேட்டவர்களுக்கெல்லாம், "பொண்ணு ஹைதராபாத்துல நர்ஸ் படிக்கிறா, ஹாஸ்டல்ல இருக்கா" என்று சொல்லி வைத்தான். அந்தப் பொய்க்குள்தான் இருவரும் குடியிருந்தார்கள்.

மனிதர்களிடம் கேட்க வழியில்லை. மிச்சம் கடவுள்தானே?

முதலில் போனது செங்கல் கோபுரம் வைத்த பழைய கோயில். அங்கே போதகர், அந்த ஊர்ப் பேச்சில் ஐயகாரு, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிரசங்கத்தைக் காகிதத்திலிருந்து வாசித்தார். பக்கம் புரட்டும்போது மட்டும் நாலு பேர் கண் விழித்தார்கள். ஆராதனை முடிந்ததும் ஒருவர் வந்து, பழைய சபையிலிருந்து கடிதம் வாங்கி வாருங்கள் என்றார். பழைய சபைக்குப் போனால் எஸ்தேர் கதை கடிதத்தோடு சேர்ந்தே வரும். அதோடு அந்தக் கோபுரத்தை விட்டாள்.

இரண்டாவது, சிமெண்டுக் கடை மாடியில். அங்கே இரண்டு மணி நேரம் கண்ணாடி வளையலைப் பற்றியே பிரசங்கம். வளையல், பூ, மூக்குத்தி. சாத்தான் எந்தெந்த ஓட்டை வழியாக ஒரு பெண்ணுக்குள் நுழைகிறான் என்று அந்த மனிதர் கையால் காட்டிக் காட்டிச் சொன்ன விதத்தில் கிருபாவதிக்கு உடம்பு கூசியது. படியிறங்கும்போது புடவைத் தலைப்பை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

மூன்றாவதைக் காட்டிக் கொடுத்தது விஜயவரம். இறால் உரிக்கிற கொட்டகையில் பக்கத்துப் பலகைக்காரி, வாய் ஓயாதவள்.

"மதினி, எங்க ஜீவ ஊற்றுச் சபைக்கு ஒருவாட்டி வாங்க. எங்க தேவகிரண் ஐயகாரு கண்ணை மூடினாருன்னா போதும், காணாமப் போன எருமை எந்தக் கரையில மேயுதுன்னு சொல்லிடுவாரு."

"எருமைக்குச் சரி. மனுஷங்களுக்கு?"

"மனுஷங்க இன்னும் லேசு மதினி. எருமைக்கு வாயா இருக்கு?"

கொட்டகையே சிரித்தது. கிருபாவதியும் சிரித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே போனாள். ஆச்சரியமாக யேசுபாதமும் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தான்.

இரண்டு மீன் குளங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட கூடம். இடப்பக்கம் பெண்களுக்குப் பாய், வலப்பக்கம் ஆண்களுக்கு. தேவகிரண் வெள்ளைக் கோட்டும் வெள்ளைச் சப்பாத்தும் போட்டிருந்தார். காணாமல் போன ஆட்டைப் பற்றிப் பேசினார். குரல் நல்ல குரல், அதை இல்லை என்று சொல்லக் கூடாது. மேய்ப்பன் முள்ளுக்குள் கைவிட்டு ஆட்டைத் தூக்குகிற இடத்தில் கிருபாவதி வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதாள். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது வேறு. தோள் துண்டால் அவர் கழுத்தையும் அக்குளையும் துடைத்துப் பெண்கள் பக்கம் வீசினார். பெண்கள் எழும்பி விழுந்து அதைப் பிடித்தார்கள். ஒருத்தி பிள்ளையின் முகத்தில் ஒற்றினாள், ஒருத்தி முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். துண்டு கைமாறிக் கைமாறிக் கிருபாவதியிடம் வந்தபோது ஈரமாக, கனமாக இருந்தது. நாள் முழுக்க இறால் குடலை உருவுகிற கை அது, எதற்கும் அருவருக்காத கை. அதற்கே ஒரு மாதிரி இருந்தது. சட்டென்று அடுத்தவளிடம் தள்ளிவிட்டு, பாய்க்கடியில் விரல்களைத் தேய்த்துக்கொண்டாள்.

இருந்தாலும் விட்டுப் போகவில்லை. காணாமல் போனதைக் காணும் கண் உள்ளவர் என்றால் வேர்வையையும் பொறுத்துத்தானே ஆக வேண்டும், என்ன செய்வது.

செவ்வாய்க்கிழமை மதியம் தேவகிரணின் மனைவி வீட்டுக்கு வந்தார். புது விசுவாசிகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது சபை வழக்கமாம். எல்லோரும் அவரை அம்மகாரு என்பார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, டீயை வாங்கி வைத்துவிட்டு, கிருபாவதியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இறால் வாடை அடிக்கிற கை. அந்த ஊரில் அதை யாரும் அப்படித் தொட்டதில்லை.

"பிள்ளைங்க எத்தனை தங்கம்?"

கிருபாவதியின் வாய் திறந்தது. உள்ளே கட்டிலில் படுத்திருந்த யேசுபாதம் முந்திக்கொண்டான். "ஒரே பொண்ணுங்க அம்மகாரு. ஹைதராபாத்துல நர்ஸ் படிக்கிறா. ஹாஸ்டல்."

"ஸ்தோத்திரம்! பேரு?"

"எஸ்தேர் ராணி" என்றாள் கிருபாவதி. எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தப் பெயரை உரக்கச் சொன்னாள். தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மகாரு அதைக் கவனித்தார்.

"என்னம்மா, கண்ணு கலங்குது? பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?"

எப்படியாவது அவளுக்காக ஒருவர் ஜெபித்தால் போதும் என்றிருந்தது கிருபாவதிக்கு. "ஆமாங்க. காய்ச்சல்" என்றாள்.

"அடடா. பார்த்துக்க யாரு இருக்கா?"

"யாரும் இல்லைங்க. குளிருதும்மான்னு சொன்னா. ஒரு பச்சைப் போர்வை அனுப்பியிருக்கேன்."

பொய் என்பது அப்படித்தான், ஒன்று சொன்னால் அது கூடவே ஒரு போர்வையையும் கேட்கும். அம்மகாரு கண்ணை மூடி ஜெபித்தார். போகும்போது கிருபாவதியின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு அவள் இரண்டு வாய் சோறு கூடுதலாகச் சாப்பிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பாட்டு முடிந்தது. தேவகிரண் மேடையில் நின்று ஆடினார், நின்றார், நெற்றியில் இரண்டு விரலை வைத்துக்கொண்டார். கூடம் மூச்சை அடக்கியது.

"ஒரு பட்டணத்தைப் பாக்குறேன்... பெரிய பட்டணம்... ஹைதராபாத்து! மூணாவது மாடி. ஒரு பொம்பளப்பிள்ளை காய்ச்சல்ல கிடக்கா. ஆண்டவர் பேரைக் காட்டுறாரு... எஸ்... எஸ்தேர்! என்னமோ பச்சையா தெரியுது. அல்லேலூயா! பச்சைப் போர்வை போத்தியிருக்கா!"

ஒரு மூச்சு நேரம், ஒரே ஒரு மூச்சு நேரம், கிருபாவதி நம்பினாள். உயிரோடு இருக்கிறாள். மூன்றாவது மாடியில் இருக்கிறாள், போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறாள் என் பெண். உடம்பெல்லாம் பால் பொங்கினாற்போல் ஆனது.

பிறகுதான் போர்வை நினைவுக்கு வந்தது. அப்படி ஒரு போர்வை உலகத்தில் எங்கும் கிடையாது. செவ்வாய்க்கிழமை மதியம் அவள் வாயில் பிறந்து, அம்மகாரு மடியில் விழுந்த போர்வை அது. தான் மென்று துப்பியதை ஒருவன் எடுத்து, சூடாக்கி, தன் வாயிலேயே திரும்ப ஊட்டுகிறாற்போல் இருந்தது அவளுக்கு. அதை ருசி என்று ஒரு மூச்சு நேரம் விழுங்கியும்விட்டாள். அவர்மேல் வந்த அருவருப்பில் பாதி அவள்மேலேயே இருந்தது.

"எஸ்தேரோட தாய் இங்க இருக்காங்க. எழுந்திரிங்க சகோதரி! வந்து சாட்சி சொல்லுங்க!"

விஜயவரம் விலாவில் இடித்தாள். "மதினி, நீங்கதான்! எழுந்திரிங்க, ஐயோ, எனக்கு மயிர்க்கூச்செறியுது!"

மேடை ஓரத்தில் அம்மகாரு தலை குனிந்து, கை கூப்பி நின்றிருந்தார். கிருபாவதி பக்கம் பார்க்கவேயில்லை. கிருபாவதி எழுந்து மேடையடிக்குப் போனதும் மைக்கைக் கொண்டுவந்து வாய்க்கு முன்னால் நீட்டினார்கள். அதன் தலையில் எத்தனையோ பேருடைய எச்சில் வாடை.

"சத்தமா சொல்லுங்க சகோதரி. ஆண்டவர் காட்டினது உண்மையா இல்லையா?"

உண்மைதான் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கூடம் கைதட்டும், வீட்டு மானம் வீட்டோடு இருக்கும். பொய் என்றால், பெண் ஓடிப்போனதை அவள் வாயாலேயே சொல்ல வேண்டும். அவள் ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். யேசுபாதம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை. ஹாஸ்டலைக் கட்டினவனே அவன்தான். அவன் கட்டின ஹாஸ்டலின் மூன்றாவது மாடியில் மகள் இருக்கிறாள் என்று அவனே நம்பி அழுகிறான். இன்றைக்கு ஆமாம் என்றால் நாளையிலிருந்து இவனோடு அந்தப் போர்வைக்குள் படுக்க வேண்டியதுதான். பிறகு எஸ்தேரைத் தேட உலகத்தில் ஓர் ஆள் மிச்சமில்லை.

"உண்மை இல்லைங்க" என்றாள்.

"என்ன சகோதரி?"

"ஹாஸ்டல் இல்லை. காய்ச்சலும் இல்லை. செவ்வாய்க்கிழமை அம்மகாருகிட்ட நான் சொன்ன பொய்யைத்தான் ஆண்டவர் உங்களுக்குக் காட்டியிருக்காரு. பாவம், அவருக்கும் வேற தெரியல போல. எம்பொண்ணு எட்டு மாசம் முன்னாடி டிராக்டர் ஓட்டுற பையனோட போயிட்டா. இருக்காளா செத்தாளான்னு—"

மைக் செத்துப் போனது. "சாத்தான் பேசுறான்! பாடுங்க, எல்லாரும் பாடுங்க!" என்றார் தேவகிரண். கீபோர்டு அலறியது, டிரம்ஸ் அடித்தது. கிருபாவதி மேடைக்கு முதுகைக் காட்டிவிட்டுப் பெண்கள் வரிசைக்குள் இறங்கினாள். ஒவ்வொருத்தியாகக் குனிந்து, பாட்டுக்கு மேலே காதோடு கேட்டாள்.

"பத்தொன்பது வயசு. மாநிறம். முன்பல்லு ஒண்ணு கொஞ்சம் ஏறியிருக்கும். பாத்தீங்களாம்மா?"

சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி, பேய் பிடித்தவளைப் பார்க்கிறாற்போல் பிள்ளையை இழுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள். இன்னொருத்தி பாட்டை நிறுத்தாமலே இல்லை என்று தலையாட்டினாள். ஆனால் தலையை ஆட்டும் முன் யோசித்துப் பார்த்தாள். எட்டு மாதத்தில் எஸ்தேரைப் பற்றி ஒருவர் யோசித்தது அதுதான் முதல் தடவை.

கடைசி வரிசை முடிந்து அவள் வெளியே வந்து, செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றாள். போகிற வருகிறவர்களைக் கேட்கலாம் என்று நின்றாள். விஜயவரம் பின்னாலேயே ஓடி வந்தாள், முகம் சிவந்திருந்தது.

"ஏன் மதினி, அஞ்சு மாசமா பக்கத்துப் பலகையில உக்காந்திருக்கேன். எங்கிட்ட சொல்லக் கூடாதா? வாய்க்கு வர்ற எருமைக்கதை எல்லாம் சொன்னேனே, தூ, எனக்கே கூசுது. என் தங்கச்சி ஆகிவீடு ஊர்ல மீன் மார்க்கெட்டுல இருக்கா, டிராக்டர்காரங்க எல்லாரும் அங்கதான் ஐஸ் ஏத்துவாங்க. போட்டோ இருக்கா?"

"ஒண்ணும் இல்லை. எல்லாத்தையும் இவரு அடுப்புல போட்டுட்டாரு."

யேசுபாதம் படியில் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. பெண்டாட்டியை அடிக்கப் போகிறான் என்றுதான் விஜயவரம் நினைத்து, நடுவில் வந்து நின்றாள். அவன் கிருபாவதியைப் பார்க்கவில்லை. செருப்பில் காலை விட்டான், எடுத்தான். பிறகு சட்டைக்குள், பனியனுக்கும் உள்ளே கையை விட்டு, நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தான். எஸ்தேரின் பன்னிரண்டாம் வகுப்பு இண்டர் பரீட்சை ஹால் டிக்கெட். வேர்வையில் ஊறி, மடிப்பெல்லாம் கிழிந்து, வாடை அடித்தது. மூலையில் ஒட்டிய படத்தில் அவள் வாயை மூடிக்கொண்டு, பல் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஒண்ணுதான் போடலை" என்றான்.

கிருபாவதிக்கு அவனிடம் சொல்ல நிறைய இருந்தது, எட்டு மாதத்துக்கான பேச்சு, அதை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். காகிதத்தை வாங்கி, கிழியாமல் பிரித்து, விஜயவரத்தின் கையில் கொடுத்தாள்.

"பல்லு இதுல தெரியாது" என்றாள். "சிரிச்சாத்தான் தெரியும். உன் தங்கச்சிகிட்ட அதைச் சொல்லு."