பதினேழும் பதினெட்டும்

எல்லையில் சண்டை மூண்ட வாரத்திலேயே நகைக்கடையின் பின்னறையில் வேலை படுத்துவிட்டது. தங்கத்தின் விலை காலைக்கும் மாலைக்கும் இடையில் ஏறிக்கொண்டிருந்தது. வாங்கியவர்கள் கட்டியாக வாங்கிப் பூட்டி வைத்தார்களே ஒழிய, மோதிரத்தில் பெயர் பொறிக்கச் சொல்லி ஒருவரும் வரவில்லை. எழுத்துப் பொறிப்பவர் ஊசியைத் துடைத்துத் துடைத்து வைத்தார். அவருக்குச் சம்பளமாக வந்த நோட்டோ கடைத்தெருவை எட்டுவதற்குள் இளைத்துப்போயிற்று.

அப்படியொரு பிற்பகலில் சகலை வந்து நின்றான். மனைவியின் தங்கையைக் கட்டியவன், டயர் வியாபாரி. யார் பேச்சையோ கேட்டு அவன் டிஜிட்டல் நாணயம் வாங்கியபோது குடும்பமே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் எழுத்துப் பொறிப்பவர்தான். போர் வந்தது, வங்கிகள் கையை இறுக்கின, அந்த நாணயம் கிடுகிடுவென ஏறியது. மாமியார் ‘சின்ன மாப்பிள்ளை’ என்று சொல்லும்போது அவர் குரலே குழைந்தது. பெரிய மாப்பிள்ளை என்றொருவர் இருப்பது பந்தியில் இலை குறைந்து, ஓடிப்போய் வாங்கி வர ஆள் வேண்டியிருந்தால்தான் நினைவுக்கு வரும்.

சகலை ஓர் எஃகுத் தகட்டையும் காகிதத்தையும் நீட்டினான்.

“அண்ணே, இந்த இருபத்துநாலு வார்த்தைதான் என் டிஜிட்டல் நாணயப் பெட்டிக்குச் சாவி. வரிசை மாறாம தகட்டுல அடிச்சுக் குடுங்க. மாறிச்சுன்னா ஒரு பைசா வெளிய வராது.”

“போன்ல இருக்குமேப்பா?”

“வழியில சோதனைச் சாவடியில போனைப் பிடுங்கிப் பாக்குறாங்க. காலையிலதான் எல்லாத்தையும் அழிச்சேன்.”

“நாளைக்கே விலை விழுந்துச்சுன்னா?”

“நாலு வருஷமா இதையேதான் சொல்றீங்க!” என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு உள்ளே போய்த் தைத்தது. திருடும் எண்ணம் அவருக்கு இல்லை. அவன் ஒருநாள் வியர்த்துக் கொட்டி, கைபிசைந்து தன் முன்னால் நிற்க வேண்டும், அவ்வளவே. பதினாறு சொற்கள் ஒழுங்காக இறங்கின. அடுத்து பதினெட்டாவது சொல் முந்திக்கொண்டது; பதினேழாவது பிந்தியது.

தகட்டை வாங்கிய சகலை, மேசையில் எரிந்த பற்றவைப்புச் சுடரில் காகிதத்தை நீட்டினான். நொடியில் அது சாம்பலாயிற்று.

“டேய்! சரிபாக்கலியா?”

“எதுக்கு? முப்பது வருஷத்துல பிசகாத கை. அத்தையே சொல்வாங்க, ‘பெரிய மாப்பிள்ளை கையில தப்பு வராது’ன்னு.”

மாமியார் இப்படிச் சொன்னதாக அவர் கேட்பது இதுவே முதல் முறை. இனி சரியான வரிசை உலகத்தில் தம் தலைக்குள் மட்டுமே இருக்கிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது. மைத்துனியும் பிள்ளைகளும் அதை நம்பித்தானே இருக்கிறார்கள்! சகலை வாசலைத் தாண்டிவிட்டான்.

“நில்லுப்பா! பதினேழும் பதினெட்டும் இடம் மாறிப்போச்சு.”

அவன் தகட்டைப் பார்த்தான், சாம்பலைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான். வேண்டுமென்றே செய்தேன் என்றால் கையின் பெயர் பிழைக்கும், உறவு செத்துவிடும்.

“கண்ணு முன்ன மாதிரி இல்ல” என்றார்.

“அட, இதுக்குப் போயா மூஞ்சி வெளுத்துப்போச்சு? அந்த ரெண்டு வார்த்தைக்கும் மேல சரியான நம்பரைப் போட்டுடுங்க. நாளைக்கே நல்ல கண் டாக்டரா பாப்போம், செலவு என்னுது. அத்தைகிட்டயும் சொல்லி வைக்கிறேன், இனிமே உங்களை நுணுக்க வேலை வாங்காதீங்கன்னு.”

அவர் விளக்கை இழுத்துத் தகட்டின்மேல் ஒளி விழ வைத்தார். ஊசி இம்மியும் பிசகாமல் எண்களைப் பொறித்தது. பாவி, ஒரு வார்த்தை கோபப்பட்டுத் தொலைத்திருக்கலாமே என்று மனம் பொருமியது; இந்தப் பெரிய மனசும் அவனுக்கேதான் வாய்க்க வேண்டுமா?