கீழ்க்கரைப் பங்குக்காரியின் நாடி

கீழ்க்கரை வர்த்தக வங்கியின் பங்கு கொழும்புச் சந்தையில் எத்தனை ரூபாவுக்கு விலைபோனதோ, திருகோணமலை உட்துறைமுக வீதியில் கலியாண உடுப்பு வாடகைக்கு விடும் கிறிஸ்டினின் நாடியும் நிமிடத்துக்கு அத்தனை தடவைதான் அடித்தது. சதங்களை நாடி கணக்கில் எடுக்கவில்லை. கோட்டை ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறினாலும், கடையில் கதிரையிலிருந்தபடி தூங்கி விழுந்தாலும், புருசன் றிக்சனோடு சண்டை பிடித்தாலும் எண் மாறவில்லை. சனி ஞாயிறு சந்தை பூட்டியிருப்பதால் அந்த இரண்டு நாளும் வெள்ளிக்கிழமை விலையிலேயே அடித்துக்கொண்டிருந்தது.

வங்கி இங்கே கிளை திறந்த வருடம், ஊர்ச்சனமும் அதற்குச் சொந்தக்காரர் ஆகலாம் என்று சொல்லிப் பங்கு விற்றது. லிங்கநகரிலிருந்தும் சாம்பல்தீவிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் ஆட்கள் வந்து வாங்கினார்கள். வெள்ளை உடுப்புகளைத் தோய்த்து, முத்து விழுந்த இடங்களைத் திரும்பத் தைத்து, வாடகைக்கு விட்டுச் சேர்த்த முழுவதையும் கிறிஸ்டின் அதில் போட்டாள். கிண்ணியாவில் படகு எஞ்சின் திருத்தும் நஸ்ரி, மகள் ரிஸ்னாவுக்கு வீடு கட்டுவதற்கு வைத்திருந்ததைப் போட்டார்; அவருடைய பகுதியில் வீடு எழும்பாமல் பெண்ணுக்குக் கலியாணப் பேச்சு எழும்பாது. சுங்கத்தில் இருந்து ஓய்வுபெற்ற சிவகுருநாதன், பிள்ளைகள் கனடாவிலிருந்து அனுப்பியதைப் போட்டார். பங்கு வாங்க நின்ற வரிசையில் அறிமுகமான மூன்று பேரும் பிறகு காலையில் கிறிஸ்டினின் கடைப் பின்னறையில், கம்பியில் தொங்கும் கலியாண உடுப்புகளுக்கு நடுவில் கூடிப் பங்கைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள்.

நாடியின் விசயம் கொரோனா வருடத்தில்தான் தெரியவந்தது. துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலைசெய்த றிக்சன், எல்லாரும் வாங்கியதைப் போல விரலில் மாட்டி நாடி பார்க்கும் சின்ன மெசின் ஒன்றை வாங்கி வந்தார். கிறிஸ்டின் அதை மாட்டிக்கொண்டு எண்ணைச் சத்தமாக வாசித்த நேரத்தில், நஸ்ரி தன் போனில் பங்கு விலையை வாசித்தார். இரண்டு பேரும் எழுபத்திரண்டு என்றார்கள். அடுத்த நாள் இரண்டு பேரும் எழுபத்து நாலு என்றார்கள். ஒரு கிழமை பார்த்துவிட்டு, இது இப்படித்தான் என்று சிவகுருநாதன் சொன்னார். அதற்குமேல் யாரும் அதைப் பற்றி ஆராயவில்லை. ஏனென்றால் அதைவிடப் பெரிய விசயம் ஒன்று தெரிந்திருந்தது: நாடி சந்தையை முந்தியது. சந்தை திறக்கும் முன்னமே கிறிஸ்டினின் கையில் அன்றைய தொடக்க விலை வந்துவிடும்.

இரண்டு வருடம் அவர்கள் அதை வைத்து வாங்கினார்கள், விற்றார்கள், திரும்ப வாங்கினார்கள். ரிஸ்னாவின் வீட்டுக்கு அத்திவாரம் விழுந்தது, சுவர் எழும்பியது. வேறு பங்குக்காரரும் மணம் பிடித்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கிறிஸ்டினின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்கள். வாழ்க்கையில் எந்த இடத்திலும் முன்வரிசையில் இருந்திராத கிறிஸ்டினுக்கு அது பிடித்திருந்தது. காலையில் கைக்குப் பவுடர் போட்டுக்கொண்டு காத்திருப்பாள்.

பிறகு நாட்டில் டொலர் இல்லாமல் போனது. பெற்றோலுக்கு மைல்கணக்கில் வாகனங்கள் நின்றன, கரையோர ஹோட்டல்களின் நீச்சல் தடாகங்களில் பாசி படர்ந்தது. கீழ்க்கரை வங்கி தன் பணத்தில் பாதியை அந்த ஹோட்டல்களுக்குத்தான் கடன் கொடுத்திருந்தது. அந்த வருடத்துக் கணக்கறிக்கை வந்தபோது சிவகுருநாதன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார். முன்பக்கத்தில் தலைவரின் படமும் எதிர்காலத்தைப் பற்றிய நம்பிக்கையும் இருந்தன. பின்பக்கத்தில், சின்ன எழுத்தில், திரும்ப அறவிட ஏலாத கடன் மூன்று மடங்காகியிருந்தது. அதற்கும் கீழே, இந்த வங்கி தொடர்ந்து இயங்குமா என்பதில் தங்களுக்குச் சந்தேகம் உண்டு என்று கணக்காய்வாளர்கள் எழுதியிருந்தார்கள்.

"இதுக்கு என்ன கருத்து ஐயா?" என்று நஸ்ரி கேட்டார்.

"படகு ஓட்டை எண்டு படகைச் சோதிச்சவனே சொல்லுறான்" என்றார் சிவகுருநாதன். சொன்ன பிறகுதான் கிறிஸ்டினைப் பார்த்தார். நஸ்ரியும் பார்த்தார். அன்றைக்கு அவளுடைய நாடி ஐம்பத்தைந்து.

அது ஐம்பதுக்குக் கீழே போனபோது அவளுக்குக் கைகால் குளிர்ந்தது. நாற்பத்தைந்தில் உடுப்பு மாட்டக் கையை உயர்த்தினால் கண் இருட்டியது. ஆஸ்பத்திரியில் நாடியைச் சீராக்க நெஞ்சுக்குள் மெசின் வைக்கக் கண்டிக்குப் போகச் சொன்னார்கள், கண்டியில் வைத்தார்கள், மெசின் தன்பாட்டில் அறுபது அடித்தது, நாடி தன்பாட்டில் நாற்பத்து மூன்று அடித்தது. திரும்பக் கழற்றி அனுப்பிவிட்டார்கள். றிக்சன் இரவில் விழித்து அவள் மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் கை வைத்துப் பார்ப்பார். அவள் தூங்குகிறவள் போலவே கிடப்பாள்.

அப்போதுதான் பங்குக்காரர் எல்லாரும் கடையில் கூடினார்கள். கீழ்க்கரைப் பங்கை வாங்க ஆளில்லாத காலம் அது. ஒருவர் கொஞ்சத்தை விற்றாலே விலை சறுக்கும், எல்லாரும் சேர்ந்து விற்றால் கிறிஸ்டின் அன்றைக்கே முடிந்துபோவாள். விற்காமல் வைத்திருந்தால் அவர்களின் பணம் முடிந்துபோகும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சாம்பல்தீவிலிருந்து வந்த ஒருவர் மட்டும், வங்கி தப்பும், தப்பாமல் விடாது என்று ஒரே வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். அறை புழுங்கியது. வெள்ளை உடுப்புகளுக்கு இடையில் முகங்கள் தெரிந்தும் மறைந்தும் கொண்டிருந்தன. கடைசியில் கிறிஸ்டின் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள்.

"விக்கிறவை வில்லுங்கோ" என்றாள். "என்ர நாடிக்காக ஒருத்தரும் பிள்ளையளின்ர காசைப் பிடிச்சு வைச்சிருக்க வேண்டாம்."

சொல்லிவிட்டு, ஒருவரும் விற்கக் கூடாது என்று உள்ளுக்குள் மாதாவிடம் கேட்டுக்கொண்டாள். ஒவ்வொருவராக அவளுடைய தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

மாதங்கள் இழுபட்டன. புதிய பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டப் பார்த்த வங்கிக்குப் பணம் திரளவில்லை. ரிஸ்னாவைக் கேட்டு மூதூரிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. அவர்கள் வந்து கூரையில்லாத வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, நோன்புப் பெருநாள்வரை பார்ப்போம் என்று சொல்லிப் போனார்கள். அதற்கு அடுத்த கிழமை ஒரு காலை, நஸ்ரி வழமைபோல வந்து கிறிஸ்டினின் கையைப் பிடித்துப் பார்த்தார். முப்பத்தெட்டு. கையை விட்டுவிட்டு வெளியே போனார். கடைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு போனில் விரலால் அழுத்துவதைக் கிறிஸ்டின் கண்டாள். கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் அவர் திரும்பியிருப்பார். அவள் தட்டவில்லை. ஊசியைக் குத்திவைத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கதிரையில் போய் இருந்தாள்; இருந்தும் விழுந்தாள். விழும்போது கம்பியும் சேர்ந்து வந்ததால், றிக்சன் வந்து அவளை வெள்ளை உடுப்புகளுக்கு அடியிலிருந்துதான் தோண்டி எடுத்தார்.

அன்று பின்னேரம் நஸ்ரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலுக்குக் கிட்ட வராமல் வாசலில் நின்றார்.

"எவ்வளவுக்குப் போனது தம்பி?" என்று கிறிஸ்டின் கேட்டாள்.

"முப்பத்தேழு. கடைசிக் கொஞ்சம் இருபத்தொன்பதுக்கு."

"கூரைக்கு அந்தக் காசு காணுமே?"

"காணும் அக்கா."

"நான் சொன்னனான்தானே, வில்லுங்கோ எண்டு."

"ஓம், சொன்னீங்க" என்றார் நஸ்ரி. "உங்கட முகம் வேற சொன்னது. நான் முகத்தப் பாக்காமத்தான் வெளிய போனனான்."

அவர் விற்றதைக் கண்டு மற்றவர்களும் விற்றார்கள். இருபது, பதினாலு, பதினொன்று. றிக்சன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். நாடி பத்துக்குக் கீழே போனதும் கிறிஸ்டின் மிகவும் மெதுவாகிவிட்டாள்; காலையில் தண்ணீர் கேட்கத் தொடங்கினால் மத்தியானம்தான் கேட்டு முடிப்பாள். கண்ணை ஒருமுறை மூடித் திறக்க, துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் வந்து கட்டிவிடும். பாதர் வந்து எண்ணெய் பூசினார். பாவசங்கீர்த்தனம் கேட்க இரண்டு நாள் தங்கவேண்டியிருந்தது. ஒருநாள் எட்டுக்கு இறங்கிய நாடி, அதற்குக் கீழே போகாமல் நின்றது. கொழும்பில் யாரோ ஒவ்வொரு நாளும் எட்டு ரூபாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறார்கள், யார் இந்த விசரன் என்று சிவகுருநாதன் தரகரிடம் விசாரித்தார். விசரன் நஸ்ரி. கூரைக்கு இறக்கிய தகரத்தை விற்றிருந்தார். பிறகு கதவு யன்னலுக்கு வாங்கிய மரத்தை விற்றார். பிறகு எஞ்சின் திருத்தும் ஆயுதங்களில் நல்லதை எல்லாம் விற்றார். அவருடைய மனைவி மூன்று கிழமை அவரோடு கதைக்கவில்லை. எட்டு எட்டாகவே நின்றது.

விற்க அவரிடம் ஒன்றும் மிஞ்சாத நாளில், கீழ்க்கரை வங்கியின் பங்கு வியாபாரத்தை அதிகாரிகள் நிறுத்திவைத்தார்கள். பங்குக்கு விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. விலை என்ற ஒன்றே இல்லை. லிங்கநகரிலிருந்த தங்கள் வீட்டில் றிக்சன் அவளுடைய விரலில் மெசினை மாட்டிப் பார்த்தார். எண் வரும் இடத்தில் இரண்டு கோடு மட்டும் தெரிந்தது. அவர் முழங்காலில் விழுந்து அழத் தொடங்கியபோது கிறிஸ்டின் எழும்பி உட்கார்ந்தாள்.

"இஞ்சேருங்கோ, பசிக்குது" என்றாள். பழைய வேகத்திலேயே சொன்னாள். றிக்சன் அவளுடைய நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தார். ஆளில்லாத அறையைப் போல இருந்தது. பிறகு குசினிக்குப் போய்ப் புட்டு அவித்தார்.

ஒரு வருடம் கழித்து கீழ்க்கரையைக் கொழும்பின் பெரிய வங்கி ஒன்று தன்னோடு சேர்த்துக்கொண்டது. பத்துப் பழைய பங்குக்கு ஒரு புதிய பங்கு என்று அறிவித்தார்கள். புதிய பங்கின் விலை இருநூற்றுப் பத்து ரூபா. ஊரில் விற்காமல் வைத்திருந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள். எட்டு ரூபாவுக்கு மூட்டை கணக்கில் வாங்கியிருந்த நஸ்ரிக்கு, ரிஸ்னாவின் வீட்டுக்கு மேல்மாடியும் போடலாம் என்று கணக்கு வந்தது. பங்கை மாற்றிக்கொள்ளக் கையொப்பம் வைக்கும் நாளில் அவர்கள் மூன்று பேரும் சேர்ந்தே கிளைக்குப் போனார்கள். நஸ்ரி வைத்தார், சிவகுருநாதன் வைத்தார். கிறிஸ்டின் பேனையைக் கையில் எடுத்தாள். கடை வாடகை நிலுவை இருந்தது, றிக்சனின் வேலையும் பாதியாகியிருந்தது, அவளுடைய பங்குகளுக்கு வரக்கூடிய தொகை சின்னத் தொகை அல்ல.

"பிள்ளை" என்றார் சிவகுருநாதன். "வைச்சா இருநூற்றுப் பத்து அடிக்கும். ஒரு மணித்தியாலம் தாங்க மாட்டாய்."

"வைக்காட்டி?"

"இல்லாத வங்கிக்குப் பங்குக்காரியா இருப்பாய்."

கிளையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நஸ்ரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிறிஸ்டின் தன் மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தாள். சத்தமில்லாமல் இருந்தது. இந்த ஒரு வருடம் அவள் நன்றாகத் தூங்கியிருந்தாள். காலையில் கைக்குப் பவுடர் போடவேண்டியிருக்கவில்லை, யாருடைய முகத்தையும் பார்த்து அவர்கள் விற்பார்களா என்று யோசிக்கவேண்டியிருக்கவில்லை. பேனையை மேசையில் வைத்துவிட்டு, வெளியே வெயில் ஏறமுன் போவோம் என்றாள். வங்கி மூன்று தடவை நினைவூட்டல் அனுப்பியது, பிறகு விட்டுவிட்டது. ரிஸ்னாவுக்குக் குச்சவெளியில் மாப்பிள்ளை அமைந்தது. கிறிஸ்டினின் கடை நிலுவையை யாரோ இரண்டு தவணையாகக் கட்டியிருந்தார்கள். யார் என்று அவள் விசாரிக்கவில்லை.

போன மாதம் முழங்கால் நோவுக்கு மருந்தெடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். புதிதாக மாற்றலாகி வந்த இளம் டொக்டர் அவளுடைய கையைப் பிடித்துப் பார்த்தார், கழுத்தில் பார்த்தார், குழாயை நெஞ்சில் வைத்து நெடுநேரம் கேட்டார். அவருடைய நெற்றி வியர்த்தது. வரிசையில் ஐம்பது பேர் நின்றார்கள். பக்கத்து மேசையிலிருந்த நேர்ஸ் மிஸ்ஸி தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டே சொன்னாள்:

"அவ கீழ்க்கரைப் பங்குக்காரி, டொக்டர். முழங்காலுக்கு எழுதுங்கோ. நான் அடுத்த ஆளைக் கூப்பிடுறன்."