எட்டாம் நாளில் கழற்றிய முட்டுகள்

தயாளினி பதினான்கு ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். வெளிநாட்டு உதவி நிறுவனமொன்றின் யாழ்ப்பாண அலுவலகத்தில், வருகிறவர்கள் கேட்பதைத் தமிழிலும் சனங்கள் சொல்வதை ஆங்கிலத்திலும் மாற்றிக் கொடுப்பது அவளுடைய வேலை. அந்த அலுவலகத்தை மூடியபோது அவளுக்கு முப்பத்தொன்பது வயது. வீட்டுத் திட்டங்களுக்காக எத்தனையோ கட்டடங்களைச் சுற்றி வந்தவள் என்பதால், கட்டட வேலைகளை நடத்துகிறவர்களுக்கு இனி இடமிருக்கும் என்று நினைத்தாள். நகரில் வார இறுதி நாட்களில் நடக்கும் கட்டுமான முகாமைத்துவப் பட்டப்பின் டிப்ளோமா வகுப்பில் சேர்ந்தாள். எந்தத் துறைப் பட்டதாரியும் சேரலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள்.

வகுப்பில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் இளம் பொறியியலாளர்கள். ஒருநாள் விரிவுரையாளர் கேதீஸ்வரன் இரண்டு தூண்களையும் அவற்றின்மேல் ஒரு பீமையும் பலகையில் கீறிவிட்டு, நடுப்பகுதியில் கம்பி எந்தப் பக்கம் கூட வர வேண்டும் என்று அவளைக் கேட்டார்.

"மேல் பக்கம், சேர்" என்றாள்.

பின்வரிசையில் ஒருவன் சிரிப்பை மறைக்க இருமினான். கேதீஸ்வரன் கோபிக்கவில்லை. "பரவாயில்லை, நீங்கள் வேறை துறையிலையிருந்து வந்தனீங்கள்தானே" என்றார். அந்தப் பரவாயில்லையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் காது சுட்டுக்கொண்டே இருந்தது.

இரண்டாம் பருவத்தில் ஒவ்வொருவரும் ஒரு கட்டட வேலையை ஆறு வாரம் கவனித்து ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. கொடிகாமத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயிகள் சங்கம் மரக்கறி சேகரிக்கும் மண்டபம் கட்டிக்கொண்டிருந்தது. சங்கத் தலைவர் இராசநாயகம் அவளுக்கு அனுமதி கொடுத்தார். அறிக்கை முடிந்ததும் அதிலும் அவர் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி.

அங்கே தலைமை மேசன் கிறிஸ்துநாயகம். ஐம்பத்தெட்டு வயது, பருத்தித்துறையிலிருந்து ஒவ்வொரு நாளும் மோட்டார் சைக்கிளில் வருவார். தயாளினிக்குத் தெரியாததையெல்லாம் அவரிடம் வெட்கமில்லாமல் கேட்க முடிந்தது. சிரிக்கமாட்டார். கம்பி ஏன் நடுவில் கீழ்ப்பக்கம் கூட வருகிறது என்பதை, ஒரு நீட்டுப் பலகையை இரண்டு கல்லின்மேல் வைத்து, அதன் நடுவில் தானே ஏறி நின்று காட்டினார்.

"கீழைதான் இழுபடுது. பாத்தனீங்களே பிள்ளை?"

"ஓம் அண்ணை. இப்பதான் விளங்குது."

மேல்தட்டுக்குக் கொங்கிறீற் போட்டு எட்டாம் நாள் அவள் போனபோது, கீழே தாங்கி நின்ற முட்டுகளில் பெரும்பகுதியைக் கழற்றி ஓரமாக அடுக்கியிருந்தார்கள். குறைந்தது பதினான்கு நாளாவது நிற்க வேண்டும் என்று படித்திருந்தாள். கிறிஸ்துநாயகத்திடம் கேட்டாள்.

"எனக்குத் தெரியும் பிள்ளை" என்றார் அவர் குரலைத் தாழ்த்தி. "நாளைக்குக் கொழும்பிலையிருந்து ஆரோ பாக்க வருகினமாம். கீழை கதிரை போடோணும், கழட்டு எண்டு தலைவர் நிண்டார். ஏலாது எண்டு ரெண்டுதரம் சொன்னனான். கேக்கேல்லை. கடைசியிலை நடு வரிசையை மட்டும் தொட விடேல்லை. அது நிண்டால் தட்டுக்கு ஒண்டும் வராது."

அவள் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது அந்த இடத்தில்தான் பேனை நின்றது. தலைவரின் பெயரை எழுதினால் அவர் கையெழுத்து வைக்கமாட்டார். கேதீஸ்வரனோ, முறையாகப் படித்தவர்கள் வேலைத்தளத்தில் இல்லாததுதான் இங்குள்ள குறை என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லிவந்தார். தலைவர் சொன்னதை விட்டாள். நின்ற நடு வரிசையையும் விட்டாள். முட்டுகள் எட்டாம் நாளில் கழற்றப்பட்டன என்றும், தலைமை மேசனுக்கு முறையான பயிற்சி எதுவும் இல்லையென்றும் அடுத்தடுத்து எழுதினாள். இரண்டும் உண்மைதான். அவற்றைச் சேர்த்து வைத்தது மட்டும்தான் அவளுடைய வேலை. அதற்குப் பிறகு ஒரு வாக்கியம் தானாக வந்தது. ஆங்கிலத்தில் அது நன்றாகவும் இருந்தது.

இராசநாயகம் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். வகுப்பில் அவளுக்கே அதிக புள்ளி. கேதீஸ்வரன் அந்தப் பக்கத்தைத் திரையில் போட்டு, "துறைக்குப் புதுசா வந்த ஒராள் எவ்வளவு கூர்மையாக் கவனிச்சிருக்கிறா பாருங்கோ" என்றார். இருமியவன் வந்து கைகொடுத்தான்.

மூன்று கிழமை கழித்து, நன்றி சொல்லிவிட்டு வருவோம் என்று கொடிகாமத்துக்குப் போனாள். வேறொரு மேசன் நின்றார். கல் சுமக்கும் குணலட்சுமி அவளைக் கண்டதும் சட்டியை இறக்கிவைத்தாள்.

"அவரை நிப்பாட்டியாச்சு. உங்கடை புத்தகத்தைத்தான் தலைவர் கையிலை வச்சிருந்தவர். எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு நிக்கவச்சு வாசிச்சவர். படிச்ச பிள்ளையே எழுதியிருக்கு, இந்தாளை வச்சு என்னெண்டு வேலை செய்யிறது எண்டு கேட்டவர்."

"மேசன் அண்ணை என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. சாமானை எடுத்துக்கொண்டு போட்டார்."

குணலட்சுமி சட்டியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். தயாளினி கையில் கொண்டுவந்த கேக் பெட்டியோடு வீதிக்கு வந்தாள். அதை யாரிடமும் கொடுக்க முடியவில்லை.

மறுநாள் காலை பருத்தித்துறைக்கு பஸ் ஏறினாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைத் தமிழில் அடுக்கிப் பார்த்தாள். தலைவர்தான் இப்படிச் செய்தார், நான் இதை எதிர்பார்க்கவில்லை. எப்படி அடுக்கினாலும் பழி வேறு எங்கோ போய் நின்றது.

கிறிஸ்துநாயகம் வீட்டு விறாந்தையில் இருந்தார். அவளைக் கண்டு எழும்பி, "வாங்கோ, இருங்கோ" என்றார். பிள்ளை என்று சொல்லவில்லை. அவருடைய மகள் வித்தியா வாசற்கதவில் சாய்ந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள்.

தயாளினி வாயைத் திறக்குமுன் அவரே கேட்டார்.

"அந்தப் புத்தகம் இருக்கே?"

கைப்பையில் இருந்தது.

"தலைவர் வாசிச்சது இங்கிலிஷ். பிறகு தமிழிலை ஏதோ சொன்னவர். அவர் சொன்னதுதானோ அதிலை இருக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை. நீங்கள் எழுதினதை நீங்களே தமிழிலை வாசியுங்கோ."

பதினான்கு வருடம் அவள் செய்த வேலை அதுதான். மற்றவர்கள் சொன்னதை, அது எவ்வளவு கடுமையாக இருந்தாலும், குரல் நடுங்காமல் மாற்றிச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

"மேல்தட்டின் முட்டுகள் எட்டாம் நாளில் கழற்றப்பட்டன. தலைமை மேசனுக்கு முறையான பயிற்சி எதுவும் இல்லை." நிறுத்தினாள். அடுத்த வாக்கியத்தைப் பார்த்தாள். "அவருக்குச் சில தொழில்நுட்ப விசயங்களிலை அனுபவம் காணாது."

"அப்பிடி இல்லை" என்றாள் வித்தியா கதவடியிலிருந்து. "சங்கத்திலை போய் அதைப் படமெடுத்தனான், அப்பாவுக்குத்தான் சொல்லேல்லை. திருப்பி வாசியுங்கோ."

தயாளினி மறுபடி பக்கத்தைப் பார்த்தாள். "இந்த வேலையின் மிக அடிப்படையான அறிவுகூட அவரிடம் இல்லை" என்று வாசித்தாள்.

ஆங்கிலத்தில் மிடுக்காக இருந்த வாக்கியம், அவரைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னபோது, அவருடைய முகத்தில் காறித் துப்பினது போல இருந்தது.

"நான் தலைவரிட்டை ரெண்டுதரம் ஏலாது எண்டு சொன்னது எங்கை?" என்று கேட்டார் அவர்.

"அதை எழுதேல்லை அண்ணை."

"நடு வரிசை?"

"அதையும் எழுதேல்லை."

"மறந்து போனீங்களோ?"

ஓம் என்று சொல்லலாம். அவர் அந்த வழியைத் திறந்துதான் கேட்டார் என்று அவளுக்கு விளங்கியது.

"இல்லை. தலைவற்றை கையெழுத்து வேணும் எண்டு விட்டனான். மற்ற வரியை... எனக்கு வகுப்பிலை ஒண்டும் தெரியாது அண்ணை. ஆரையாவது என்னிலும் தெரியாத ஆளாக் காட்டினால் நான் தெரிஞ்ச ஆள் மாதிரி இருக்கும் எண்டு எழுதினனான்."

கிறிஸ்துநாயகம் தலையை ஆட்டினார். கோபமாகத் திட்டியிருந்தால் அவள் அழுதிருப்பாள்.

"முதல் ரெண்டு வரியிலையும் பொய் இல்லை" என்றார். "அதாலைதான் எனக்கு அண்டைக்கு வாய் திறக்கேலாமல் போனது."

அவள் திரும்பி வந்து அந்தப் பகுதியை, நடந்தது நடந்தபடியே முழுக்க எழுதினாள், ஆங்கிலத்திலும் தமிழிலும். சனிக்கிழமை வகுப்பில் எழும்பி நின்று, முன்பு விட்டது என்ன, ஏன் விட்டாள் என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னாள். இம்முறை யாரும் இருமவில்லை. கேதீஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நானும் அந்த மேசனிட்டை ஒரு சொல்லுக் கேக்காமல் அறிக்கையைச் சங்கத்துக்கு அனுப்பினனான்" என்றார் கடைசியில். புள்ளியைச் சித்தியடையப் போதுமான அளவுக்குக் குறைத்தார். அவள் மறுக்கவில்லை.

சங்கக் கூட்டத்துக்குத் தமிழ்ப் பிரதியோடு போனபோது இராசநாயகம் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. செயலாளர் பத்மாசினி அதை உரத்து வாசித்தார். ஒரு பொறியியலாளரைக் கூப்பிட்டுத் தட்டைச் சோதித்தார்கள். வெடிப்பு இல்லை, தொய்வு இல்லை. நடு வரிசை நின்றதால் தப்பியது என்று அவர் எழுதிக்கொடுத்தார். கிறிஸ்துநாயகத்தைத் திரும்ப வரச்சொல்லிப் பத்மாசினி தொலைபேசியில் கேட்டார். அவர் வரமாட்டேன் என்றார்.

அந்தச் செய்தி தெரிந்ததும் தயாளினி இன்னொருமுறை பருத்தித்துறைக்குப் போனாள். அவர் ஊரிலேயே ஒரு வீட்டு வேலை தொடங்கியிருந்தார். அத்திவாரக் கிடங்கின் ஓரத்தில் நின்று கதைத்தார்கள்.

"நீங்கள் பிழையைத் திருத்தினது சரி" என்றார். "ஆனால் அங்கை என்னோடை வேலை செய்தவைக்கு முன்னாலை அதை வாசிச்சாச்சு. நான் திரும்பப் போய் ஒராளை இதைச் செய், அதைச் செய் எண்டு சொல்லேக்கை அவன்ரை மனதிலை அதுதான் ஓடும். எனக்கும் ஓடும்."

அவள் மன்னிப்புக் கேட்டாள். அவர் கேட்டுக்கொண்டார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. கிடங்குக்குள் நின்றவர்கள் மட்டம் பார்க்கக் கூப்பிட்டார்கள்.

"வெயிலுக்குள்ளை நிக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். அவள் பஸ் நிலையத்துக்கு நடந்தாள்.