லென்ஸில் ஒட்டாத அழுக்கு

உயிரியல் டீச்சருக்கும் ஆய்வக உதவியாளருக்கும் ஒரு வாரமாக ஏழாம் பொருத்தம். "லென்ஸைத் துடைங்கன்னா காதுலயே வாங்கறதில்ல" என்று இவள் கத்துவாள். "துடைச்சாச்சு டீச்சர், இனியும் துடைச்சா லென்ஸே தேஞ்சிரும்" என்று அவர் முணுமுணுப்பார். அவர் துடைத்தது உண்மைதான். ஆனாலும் நுண்ணோக்கியில் வெங்காயத் தோலின் செல்கள் வரிசையாகத் தெரிய, நடுவில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு கறை உட்கார்ந்திருந்தது.

அன்று ஒன்பதாம் வகுப்புக்குச் செய்முறை. கத்திக் கத்தி டீச்சருக்குத் தொண்டை வறண்டு, கால்கள் எப்போதடா உட்காரலாம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தன. ஒருத்தி காற்றுக் குமிழியை வரைந்து செல் என்று பெயர் போட்டிருந்தாள். இன்னொருத்தி தன் இமைமுடியைப் பார்த்துவிட்டு, புதுக் கிருமி என்று சாதித்தாள். அவளுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

"அழுக்கு எங்க இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? யாராவது வாயைத் திறங்க."

"ஸ்லைடை நகர்த்தணும் மிஸ். கூடவே நகர்ந்தா ஸ்லைடுல. கண்ணருகு லென்ஸைத் திருப்பணும், கூடவே சுத்தினா அதுல. ரெண்டும் இல்லன்னா பொருளருகு லென்ஸை மாத்திப் பாக்கணும்."

மனப்பாடம் கச்சிதம். செய்தே காட்டிவிடலாம் என்று அவள் குனிந்தாள். ஸ்லைடை நகர்த்தினாள், செல்கள் ஓடின, கறை அசையவில்லை. கண்ணருகு லென்ஸைத் திருப்பினாள். பொருளருகு லென்ஸை மாற்றினாள். கறை அங்கேயே இருந்தது. நிமிர்ந்து கரும்பலகையைப் பார்த்தாள். எந்த எழுத்தை உற்றுப் பார்த்தாலும் அதன் மேலேயே அந்தக் கறை வந்து குந்தியது. அழுக்கு அவள் கண்ணில்தான்.

"கண்டுபிடிச்சீங்களா மிஸ்?"

"ம். போய்க் கையைக் கழுவுங்க."

அவள் அப்பாவும் இப்படித்தான் நடுவில் மை சரியாக விழவில்லை என்று செய்தித்தாளைத் திட்டிக்கொண்டே இருந்தார். படிக்கவே முடியாமல் போன பிறகுதான் டாக்டர் சொன்னார்: இது குடும்பத்தில் வருவது, ஓங்கு பண்பு, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவளையும் பரிசோதனைக்கு வரச் சொன்னார். மழுப்பிவிட்டாள். தனக்குப் பாதி என்றால் மகளுக்குக் கால் பங்குதான். தனக்கு உண்டு என்று தெரிந்துவிட்டால் மகளுக்கும் பாதி. தெரிந்துகொள்வதால் மரபணு மாறிவிடாது என்று அவளுக்குத் தெரியாதா? வருடா வருடம் கரும்பலகையில் மரபியல் கட்டம் போட்டு அதைத்தானே நடத்துகிறாள்! ஆனாலும் அந்தக் கால் பங்கை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. மகளிடம் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

கிளம்பும்போது உதவியாளரிடம், "லென்ஸ் சுத்தமாத்தான் இருக்கு. நான்தான் தெரியாம கத்திட்டேன்" என்றாள். அவர் திருதிருவென விழித்தார்.

வீட்டில் மகள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பில் அம்மாவிடமே மரபியல் படித்தவள். டீச்சர் தோள்பையைக்கூட இறக்கவில்லை. மறைத்து மறைத்து அலுத்துப் போயிருந்தது.

"நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போகணும்டி. தாத்தாவுக்கு வந்தது எனக்கும் வந்திருச்சு போல. இது குடும்பத்துல வர்றது..."

"தெரியும்மா. தாத்தா எப்பவோ சொல்லிட்டாரு." மகள் கத்தியைக் கீழே வைத்தாள். "இவ்வளவு நாளா எனக்குக் கால் பங்குன்னு கணக்குப் போட்டு வெச்சிருந்தேன். உனக்கு இருந்தா இனிமே பாதி. சரியாம்மா?"

விடை சரி. தன்னிடம் படித்த பிள்ளை தப்பாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று டீச்சர் ஏங்கியது அதுதான் முதல் தடவை.