டிரைவர் வைத்த அம்பு

மலைப்பாதையில் மாதக்கணக்கில் நடக்கிறவர்களுக்குச் சொந்தப் பேர் ஒட்டாது. முதல் வாரத்திலேயே யாராவது ஒரு பட்டப்பேரை வைத்துவிடுவார்கள், கடைசிவரை அதுதான். அவர் காலமெல்லாம் பஸ் ஓட்டினவர், நடையிலும் முன்னால்தான் போவார். அதனால் டிரைவர். பின்னாலேயே எது விழுந்தது, எது மறந்தது என்று பொறுக்கிக்கொண்டு வரும் அவர் மனைவி கண்டக்டர். இதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மலை மலையாகப் போர்வை தேய்த்து ரிட்டயர் ஆனவள், அந்த உழைப்புக்கு ஒரு பேர் கிடைக்கவில்லை பாருங்கள்! "ஒரு விசிலும் வாங்கிக் குடுத்துடுங்க, ஊதிக்கிட்டே வரேன்" என்பாள்.

அந்தப் பாதை மலை உச்சியில் ஆரம்பித்து, காடு, மேடு, சின்னச் சின்ன ஊர்கள் எல்லாம் தாண்டி, கடலோரத்துக் கலங்கரை விளக்கத்தில் முடிகிறது. லீவு கிடைத்தபோதெல்லாம் துண்டு துண்டாக அதில் நடந்திருக்கிறார்கள். முழுசாக, ஒரே மூச்சில், ஒரு தடவையாவது நடக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இந்தத் தடவை அதற்குத்தான் கிளம்பினார்கள். கூடாரம், அடுப்பு, சாப்பாடு, மாற்றுத்துணி, எல்லாம் முதுகில்.

இரண்டு பேர் நடையும் ஒத்துப்போகாது. அவர் கால் நீளம், இவள் நிதானம். சேர்ந்து நடந்தால் சண்டைதான் வரும். அதனால் கல்யாணமான புதிதிலேயே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். வழி பிரியும் இடத்தில் அவர் குனிந்து, கைக்குக் கிடைத்த கல்லை வைத்துத் தரையில் ஒரு அம்புக்குறி போட்டுவிட்டுப் போய்விடுவார். அவள் அதைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். பின்னால் வருகிற மற்றவர்களும் நாளடைவில் அந்த அம்பை நம்ப ஆரம்பித்தார்கள். பெயிண்ட் அழிந்த வழிகாட்டிப் பலகையைவிட டிரைவர் அம்பு மேல் என்று பேச்சு.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு டாக்டரைப் பார்த்தார்கள். டிரைவர் பக்கத்து அறையில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் கதவைச் சாத்திவிட்டு அவளிடம் மட்டும் சொன்னார், "நினைவு தேய்ஞ்சுக்கிட்டே வருதும்மா. இது திரும்பாது. மாத்திரை கொஞ்சம் மெதுவாக்கும், அவ்வளவுதான்."

அவள் வெளியே வந்து, "வயசுக்கு ஏத்த மறதியாம், ஒண்ணும் இல்லையாம்" என்று அவரிடம் சொல்லிவிட்டாள். மகளிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். போனில் மகள் கத்தின கத்தல் இருக்கிறதே! "அம்மா, உனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? அப்பாவக் காட்டுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போறியே!"

"காட்டுக்குள்ள இல்லடி, கடலுக்கு. அதுவரைக்கும் உங்கப்பா டிரைவராவே போய்ச் சேரட்டும். அப்புறம் நீ என்ன சொன்னாலும் கேக்கறேன்." அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். தனக்கு என்ன ஆகிறது என்று தெரியாமலேயே அந்த மனுஷன் கலங்கரை விளக்கத்தடியில் போய் நிற்க வேண்டும்.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒரு நாள் காலை, பைன் மரங்களுக்கு நடுவே வழி பிரிந்த இடத்தில், அம்பு இடது பக்கம் காட்டியது. வலது பக்கம்தான் போக வேண்டும். அந்த முனையில் இரண்டு பேரும் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டிருக்கிறார்கள், அவ்வளவு தெரிந்த இடம். இடது பக்கம் போனால் பழைய கல்குவாரிப் பள்ளம். பின்னால் யார் யாரோ வருகிறார்கள், எல்லாரும் இந்தக் கல்லை நம்பி வருகிறவர்கள். அவள் மண்டியிட்டுக் கல்லை ஒவ்வொன்றாக எடுத்து அம்பை வலது பக்கம் திருப்பிவைத்தாள். பிறகு இடது பக்கம் ஓடினாள். மூச்சு வாங்க அவரைப் பிடித்து, "ஏங்க, அந்தப் பக்கம் நல்ல தண்ணி ஓடுதாம், அப்படியே போயிடலாமா?" என்றாள்.

"ஆமா, உனக்கு மட்டும் காத்து வந்து காதுல சொல்லுச்சு" என்று கிண்டல் பண்ணிக்கொண்டே அவர் திரும்பிவந்தார்.

அதற்கப்புறம் அதுவே வேலையாகிவிட்டது. ஒரு நாள் தண்ணி, ஒரு நாள் நிழல், ஒரு நாள் தன் முட்டிவலி என்று சாக்குச் சொல்லி வாய் ஓய்ந்துபோனது. சரியாக வைத்த அம்பும் நடுநடுவே வரும். அன்றைக்கெல்லாம் டாக்டருக்கே ஒன்றும் தெரியாது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே சந்தோஷமாக நடப்பாள்.

ஒரு மழை மத்தியானம் மலையோரத்துத் தங்கும் குடிலில் ஒதுங்கினார்கள். பலகைக் கட்டில்கள், குறுக்கே கட்டின கயிற்றில் எல்லாருடைய ஈரக் காலுறையும், அந்த நாற்றத்தைச் சொல்லி மாளாது. சுருட்டை என்று கூப்பிடப்படும் ஒரு பெண் எழுந்து வந்து டிரைவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், நேத்து மூடுபனியில உங்க அம்பு இல்லேன்னா நான் நேரா ஏதாவது பள்ளத்துலதான் போய் விழுந்திருப்பேன். நீங்க நல்லா இருக்கணும் சார்."

டிரைவருக்குத் தலைகால் புரியவில்லை. "பஸ் ஓட்டின கைம்மா. ஒரு தடவை போன ரோட்டை மறக்காது" என்றார். கண்டக்டர் காலுறையைப் பிழிகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நேற்றைய அம்பு அவள் வைத்தது. அழுகை ஒரு பக்கம், அவர் முகத்தில் இருந்த அந்தப் பெருமையைப் பார்த்த நிறைவு ஒரு பக்கம்.

மறுநாள் வெயில் அடித்தது. ஒரு சரிவில் வழி இரண்டாகப் பிரிந்த இடத்தில் அவள் மண்டிபோட்டுக் கல்லைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பின்னால் செருமல் சத்தம். தண்ணி பாட்டிலை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடித் திரும்பி வந்திருக்கிறார் மனுஷன்.

"என்ன பண்றே?"

"கல்லு கலைஞ்சு கெடந்துதுங்க. அதான் சரி பண்ணி…"

அவர் அம்பைப் பார்த்தார். தான் வந்த வழியைப் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த கல்லைப் பார்த்தார். "நான் கீழ் வழியைக் காட்டி வச்சேன். நீ மேல காட்டுறே."

இத்தனை நாள் வாய் ஓயாமல் சாக்குச் சொன்னவளுக்கு அன்றைக்கென்று ஒன்றும் வரவில்லை.

"எத்தனை நாளா?"

அவள் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தாள்.

"அந்தச் சுருட்டைப் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுச்சே, அது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "அவ்வளவு பேரு முன்னாடி என்னைக் கோமாளியாக்கி வேடிக்கை பாத்தியா? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னா என்னடி?" என்று கத்தினார். காலால் கற்களை எத்திவிட்டார். அம்பு சிதறியது. அவள் கும்பிடாத குறையாக, "ஐயோ, பின்னால ஆளுங்க வருவாங்கங்க" என்று ஓடி ஓடிப் பொறுக்கினாள். அவர் அதைப் பார்த்தார். பிறகு, அடக் கடவுளே, அவரும் மண்டியிட்டு உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தார். பொறுக்கின கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

டாக்டர் சொன்னதை அப்போதுதான் சொன்னாள், ஒன்று விடாமல். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இனிமே மறைக்காதே" என்றார் கடைசியில். "நான் தப்பாப் பேசினாலும் சரி, தப்பாச் செஞ்சாலும் சரி, அப்பவே மூஞ்சிக்கு நேரா சொல்லு. இல்லாதத இருக்குன்னு சொல்லி என்னை ஏமாத்தாதே. மத்தது எது போனாலும் போகட்டும், நீ பொய் சொல்ற ஆளா இருந்தா நான் யாரைப் பிடிச்சுக்குவேன்? சத்தியம் பண்ணு."

அவள் அவர் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். பிறகு அவர் எழுந்து ஒதுங்கி நின்று, "நீ முன்னாடி போ" என்றார். இத்தனை வருஷ நடையில் அவர் சொல்லாத வார்த்தை. முன்னால் போவது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பத்தடிக்கு ஒரு தடவை கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தாள். "இது சாயங்காலம் இல்லைங்க, காலை." "சட்டையை உள்பக்கம் வெளியில போட்டிருக்கீங்க." அவரும் முகம் கோணாமல் கேட்டுக்கொள்வார். சில நேரம் சிரிப்பார்கள்கூட. இப்படியே கடல் வரைக்கும் போய்விடலாம் என்ற தைரியம் அவளுக்கு வந்துவிட்டது. காற்றில் உப்பு வாடை வர ஆரம்பித்தது. நடுவில் இருந்தது ஒரு ஆறு மட்டும்தான்.

பாலம் இல்லாத ஆறு, இடுப்பளவு தண்ணி. மேலே மழை பெய்தால் மத்தியானத்துக்குள் ஏறிவிடும். அதனால் காலையிலேயே கரைக்கு வந்துவிட்டார்கள். அவள் பேன்ட்டை மடித்துக்கொண்டிருந்தபோது டிரைவர் முதுகுப்பையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்தார்.

"என்னங்க, கெளம்பலாம். தண்ணி ஏறிடும்."

"மச்சான் வரட்டும்" என்றார்.

மச்சான் என்றால் அவளுடைய அண்ணன். பழைய நடைகளில் பாதிக்கு மேல் கூட வந்தவர், எப்போதும் எல்லாருக்கும் கடைசியாக ஆடி அசைந்து வருகிறவர். ஆற்றைத் தாண்டும்போது மட்டும் எல்லாரும் வந்து சேர்ந்து, கையைக் கோத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்பது டிரைவருடைய சட்டம். யாரையும் விட்டுவிட்டுத் தாண்டினதே இல்லை. அண்ணன் போன வருஷம் நெஞ்சுவலியில் போய்விட்டார். பாடை தூக்கினவர்களில் டிரைவரும் ஒருவர்.

சத்தியம் செய்திருக்கிறாளே. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அண்ணன் இல்லைங்க. போன வருஷமே போயிட்டாரு."

"எங்க போனான்?"

"செத்துப்போயிட்டாருங்க."

அவர் உடைந்துபோனார். அப்போதுதான் கேள்விப்படுகிறவர் அழுகிற அழுகை, வாய்விட்டு, மார்பில் அடித்துக்கொண்டு. "எனக்கு ஏன் யாரும் சொல்லல? மச்சானுக்கு ஒரு பிடி மண்ணுகூடப் போடலையே நான்!" என்று கதறினார். "போட்டீங்கங்க, நீங்கதான் முதல்ல போட்டீங்க" என்று அவள் சொன்னது காதில் ஏறவில்லை. ஒரு வழியாக ஓய்ந்து, முகம் கழுவி, பையை மாட்டிக்கொண்டு தண்ணியில் ஒரு காலை வைத்தார். அவளுக்கு உயிர் வந்தது. கையைக் கோத்துக்கொண்டாள்.

அவர் நின்றார். திரும்பி வந்த வழியைப் பார்த்தார். கன்னத்தில் ஈரம்கூட இன்னும் காயவில்லை.

"இரு இரு, மச்சானை விட்டுட்டோம். அவன் வரட்டும்."

இன்னொரு தடவை சொன்னால் போதும். சொன்னால் இன்னொரு தடவை அழுவார், அழுது முடித்துத் தாண்டிவிடலாம். மத்தியானத்துக்குள் கலங்கரை விளக்கம் கண்ணில் பட்டுவிடும். அண்ணன் முன்னாடியே தாண்டிப் போயிட்டார் என்று சொல்லலாமா? அக்கரையில் ஒவ்வொரு மரத்தடியிலும் தேடுவாரே. கேட்கக் கேட்க அந்த மனுஷனுக்கு எத்தனை தடவை மச்சான் சாக வேண்டும்?

அவள் கரைக்கு ஏறினாள். முதுகுப்பையைக் கழற்றி வைத்தாள். மடித்த பேன்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"வருவாருங்க" என்றாள். "அண்ணன் எப்பவும் மெதுவாத்தானே வருவாரு."

"அதான் பாரேன்" என்று அவர் சிரித்தார். பாறையில் போய் உட்கார்ந்து, நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். தண்ணி கலங்கி ஏற ஆரம்பித்திருந்தது. இரண்டு பேரும் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வந்த வழியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.