உட்கார்ந்து பார்த்து வாங்கும் வீடு

நெடுஞ்சாலை ஓரத்தில், இனிமேல் வரப்போகும் குடியிருப்புக்கு முன்னோட்டமாக நின்றிருந்த அந்த மாதிரி வீட்டில் மூன்று கழிப்பறைகள் இருந்தன. மூன்றும் கண்ணைப் பறிக்கும். மூன்றிலும் தண்ணீர் வராது, மூன்றிலிருந்தும் எதுவும் வெளியே போகாது. கொல்லைப்பக்கம் கழிவுத் தொட்டியைக் கட்டி, மூடியும் போட்டுத் தயாராகத்தான் வைத்திருந்தார்கள். தொட்டிக்கும் வீட்டுக்கும் நடுவே நாலு முழம் குழாய் போட மட்டும் யாருக்கும் மனசு வரவில்லை. வீடு பார்க்க வருகிறவர்கள் பார்க்கத்தானே வருகிறார்கள் என்பது மேலாளரின் கட்சி.

வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்த பெண்ணால் அந்தக் கட்சியில் சேர முடியவில்லை. காலையில் கம்பெனி வண்டி கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனால் சாயங்காலம்தான் திரும்ப வரும். அதுவரை இந்தப் பக்கமும் சாலை, அந்தப் பக்கமும் சாலை. தூரத்தில் ஒரு பெட்ரோல் பங்க் உண்டு. அதன் கழிப்பறைச் சாவி எப்போது கேட்டாலும், இப்போதுதான் சாப்பிடப் போன ஓர் ஆளிடம் இருக்கும். மேலாளர் உள்பட ஆண்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. 'உங்கள் கனவுக்கு ஒரு முகவரி' என்று எழுதிய பெரிய விளம்பரப் பலகை வாசலில் நின்றது. அதற்குப் பின்னால் போய், முகவரியை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள்.

அவள் என்ன செய்வாள்? தண்ணீரே குடிக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அதன் பலனாக இரண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலில் படுத்து எழுந்தாயிற்று. "இன்னொரு தடவை இப்படி வந்தா மாத்திரையோட போகாது, ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டி வரும். தண்ணி குடிக்க மாட்டேன்னு யார் மேலயாவது சபதமா?" என்று டாக்டரம்மா பிடிபிடி என்று பிடித்துவிட்டார். வேலை அவளுக்குப் பிடித்த வேலை. பேச்சு வரும், சிரிப்பு வரும், நாலு மனிதர்கள் வந்து போவார்கள். ஆனாலும் இந்த வாரத்துக்குள் குழாய் வராவிட்டால் வேலையை விட்டுவிடுவது என்று நேற்று ராத்திரி முடிவு செய்திருந்தாள். முடிவு செய்ததிலிருந்து அழுகை அழுகையாக வந்தது.

அன்று காலையிலும் மேலாளரிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

"மாதிரிக்கு எதுக்கும்மா தண்ணி?" என்றார் அவர். "நாடக மேடையில கிணறு வச்சா அதுல நீர் இறைக்க முடியுமா?"

"புல்லுக்கு மட்டும் தினமும் லாரியில தண்ணி வருதே சார்?"

"புல் காஞ்சா ரோட்டுல போறவனுக்குத் தெரியும்."

ஆள் காய்ந்தால் யாருக்கும் தெரியாது என்பதை அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மேலாளருக்கும் நேரம் சரியில்லை. பல மாதங்களாக ஒரு வீடுகூட விற்கவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தாலே எழுந்து நின்று பேசுகிற நிலைமைக்கு வந்திருந்தார். வாசலில் ஒரு கார் வேகம் குறைந்தால் போதும், மனுஷனுக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

மதியம் ஒரு கார் நின்றது. ஓட்டி வந்தவர் இருக்கையைச் சாய்த்து அங்கேயே கண்ணை மூடிக்கொண்டார். இறங்கியவர்கள் இரண்டு பெண்கள். முன்னால் வந்த அம்மாள் கனத்த சரீரம், கனத்த குரல். பின்னால் முழங்காலோடு முழங்கால் ஒட்டி நடந்து வந்தது அவருடைய தம்பி பெண்டாட்டி. அந்த நடையைப் பார்த்த மாத்திரத்தில் வரவேற்புப் பெண்ணுக்கு விஷயம் விளங்கிவிட்டது. வாரத்தில் பாதிப் பேர் இதற்குத்தான் வருகிறார்கள். வந்து, வீடு வாங்குகிறவர்கள் மாதிரி மேலும் கீழும் பார்த்து, நாசூக்காக ஒரு கேள்வி கேட்பார்கள். ஒவ்வொருவரிடமும் உண்மையைச் சொல்லும்போது அவளுக்கு நெஞ்சு வலிக்கும்.

"வீடு பாக்கலாம்னு வந்தோம்," என்றார் நாத்தனார் அம்மாள்.

மேலாளர் வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தார். அவருடைய விற்பனை முறையில் வரிசை மாறவே மாறாது. முதலில் கூடம், பிறகு சமையலறை, பால்கனி, படுக்கையறைகள், கடைசியில் கழிப்பறை. அதுதான் உச்சக்கட்டமாம். பால்கனியில் காற்று எந்தத் திசையிலிருந்து வரும் என்று அவர் விளக்கியபோது தம்பி பெண்டாட்டி கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். காற்றை அனுபவிக்கிறாள் என்று நினைத்து அவர் இன்னும் கொஞ்சம் விளக்கினார்.

நடுவில் அவருக்குத் தொலைபேசி வந்தது. எழுந்து நிற்க வேண்டிய அழைப்பு. ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் விறைப்பாக நின்றபடி வெளியே போனார். வரவேற்புப் பெண் இரண்டு பேரையும் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் குட்டை உடைத்தாள்.

"அம்மா, நீங்க எதுக்கு வந்தீங்கன்னு தெரியும். இங்க மூணு இருக்கு, மூணும் பொம்மை."

தம்பி பெண்டாட்டி சுவரில் சாய்ந்தே விட்டாள். "அக்கா, நான் செத்தேன்."

"வழியில எங்கயாவது ஒதுங்கலாம்னா எல்லாம் பொட்டல்காடு," என்றார் நாத்தனார். "லாரிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே போறான். எனக்கு முட்டி மடங்காது வேற. என் தம்பிகிட்ட சொன்னா, இதோ வந்துடும் இதோ வந்துடும்ங்கறான். எது வரும்னு அவனுக்கே தெரியாது. நீ எங்கம்மா போவ?"

"நான் போறதில்லம்மா."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "காலையிலேருந்தா?"

அவள் தலையை ஆட்டினாள். அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவோம் என்று தோன்ற, பேச்சை மாற்றி மளமளவென்று ஒரு யோசனையைச் சொன்னாள். கொல்லையில் தொட்டி தயார். அடுத்த மனையில் குழாய்க்காரர் வேலை செய்கிறார். புல்லுக்கு வந்த லாரி இன்னும் போகவில்லை. ஒரே ஒருவர் உத்தரவு போட்டால் அரை மணியில் வேலை முடியும். "சார் எனக்காகச் செய்ய மாட்டார். வீடு வாங்கறவங்க கேட்டா தலைகீழா நிப்பார்."

"அரை மணி தாங்குவியாடி?" என்று நாத்தனார் தம்பி பெண்டாட்டியைக் கேட்டார்.

"காரியம் நடக்கும்னு தெரிஞ்சா தாங்குவேன்க்கா."

மேலாளர் திரும்பி வந்து, உச்சக்கட்டத்துக்கு அழைத்துப் போய்க் கதவைத் திறந்தார். நாத்தனார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அந்த வெள்ளைப் பீங்கானை அரசகுமாரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எனக்குப் பிடிச்சிருக்கு. ட்ரையல் பாக்கணும்."

"ட்ரையலா?"

"ஏன் சார், ஒரு செருப்பு வாங்கினாக்கூட போட்டு நடந்து பாத்துதானே வாங்கறோம்? காலம் பூரா உக்காரப்போற எடம். உக்காந்து பாக்காம எப்படி வாங்கறது? எனக்கு முட்டி மடங்காது. உயரம் சரியா இருந்தா வீடு எடுத்துக்கறேன். இல்லன்னா இதே ரோட்டுல இன்னொரு கம்பெனி இருக்காமே?"

மேலாளர் கையைப் பிசைந்தார். உதவிக்கு வரவேற்புப் பெண்ணைப் பார்த்தார். அவள் முகத்தைப் பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு, "அடுத்த மனையில குழாய்க்காரர் இருக்கார் சார்," என்றாள்.

அதற்குப் பிறகு நடந்த அமர்க்களத்தைச் சொல்லி மாளாது. குழாய்க்காரர் அரக்கப் பரக்க ஓடி வந்தார். மேலாளரே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குழாயைத் தூக்கிக் கொடுத்தார். லாரித் தண்ணீர் புல்லை விட்டு, மாடியில் காலியாகக் கிடந்த தண்ணீர்த் தொட்டிக்கு ஏறியது. கடைசியில் குழாய்க்காரர் விசையை அழுத்த, அந்த வீட்டில் முதல்முதலாகத் தண்ணீர் 'ஹோ' என்று இறங்கிப் போயிற்று. வரவேற்புப் பெண்ணுக்கு அப்போது வந்த சந்தோஷம் இவ்வளவு அவ்வளவு இல்லை. அந்தச் சந்தோஷத்தில், வாடிக்கையாளர்களுக்காக வைத்திருந்த பெரிய தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கடகடவென்று முழுசாகக் குடித்துவிட்டாள். தாகம் தீர்ந்ததும் இன்னொன்றும் குடித்தாள்.

முதலில் தம்பி பெண்டாட்டி போனாள். திரும்பி வந்தபோது வேறு ஆளாக இருந்தாள். காற்றெல்லாம் நன்றாக வருகிறது என்று தானாகவே மேலாளரைப் பாராட்டினாள். அடுத்து நாத்தனார் போய்ச் சாவகாசமாக வந்தார்.

"உயரம் பிரமாதம் சார். கூடம்தான் கொஞ்சம் சின்னது. தம்பிகிட்ட கலந்துக்கிட்டு சொல்றேன்."

போகிற போக்கில் வரவேற்புப் பெண்ணின் கன்னத்தைத் தட்டிவிட்டுக் காரில் ஏறினார். மேலாளருக்கு உச்சி குளிர்ந்திருந்தது. கார் கண்ணுக்கு மறையும் வரை கையை ஆட்டிவிட்டு நேராக உள்ளே போனார். கழிப்பறைக் கதவைப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கதவை நோக்கிப் பாதி வழி வந்திருந்த வரவேற்புப் பெண் நின்றுவிட்டாள்.

"சார், நான் ஒருதடவை…"

"அவங்க திரும்பி வரும்போது புதுசா இருக்கணும்மா. இனிமே இது கஸ்டமருக்கு மட்டும். ஸ்டாஃப் யாரும் தொடக் கூடாது."

"சார், குழாய்தான் வந்துடுச்சே."

"வந்தது கஸ்டமருக்காக."

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. எல்லாம் இவள் மூளை, இவள் திட்டம், கடைசியில் இவளுக்கே பூட்டு. போதாததற்கு இரண்டு பாட்டில் தண்ணீர் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு தன் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது. மேசைக்குத் திரும்பினாள். காலை மாற்றிப் போட்டாள். எழுந்தாள், உட்கார்ந்தாள். கம்பெனி வண்டி வர இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. நாளைக்கு வரப்போவதில்லை, அது நிச்சயம். ஆனால் இன்றைக்கு என்ன செய்வது?

அப்போது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து பெண்களாக இறங்கினார்கள். இறங்கி முடிகிற வழியாகத் தெரியவில்லை. சாலையோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றவர்களிடம் நாத்தனார் காரை நிறுத்தி, தலையை வெளியே நீட்டிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"இங்க வீடு நல்லா இருக்குன்னு ஒரு அம்மா சொன்னாங்க," என்றாள் முன்னால் வந்தவள். "முக்கியமா கடைசி ரூம்."

மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வேன் நிறைய வாடிக்கையாளர்கள்! "வாங்கம்மா வாங்க! முதல்ல கூடம்…"

"கூடத்தை அப்புறம் பாத்துக்கறோம் சார்."

ஆண்டாண்டு காலமாகக் கட்டிக்காத்த வரிசை அந்த இடத்தில் உடைந்தது. பெண்கள் கழிப்பறை வாசலில் வரிசை கட்டிவிட்டார்கள். அவர் சட்டைப் பையைத் தடவிச் சாவியை எடுத்தார். வரவேற்புப் பெண் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசற்படி இறங்கி வெளியே போனாள். திரும்பி, வலது காலை எடுத்து வைத்து, வணக்கம் சொல்லிக்கொண்டே உள்ளே வந்து வரிசையில் கடைசியாக நின்றாள்.

"ஏம்மா, நீ எதுக்கு இங்க நிக்கற?" மேலாளரின் குரல் கிசுகிசுப்பாக இருந்தாலும் கண் உருண்டது.

"வீடு பாக்க வந்திருக்கேன் சார். கஸ்டமர்."

"விளையாடாத. மேசைக்குப் போ."

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் நின்ற நிற்பைப் பார்த்தது. அதற்குமேல் யாரும் யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"யாரை சார் போகச் சொல்றீங்க?" என்றாள் முன்னால் நின்றவள். "இந்தப் பொண்ணு எங்ககூட வந்தவ. அவளுக்கு வீடு காட்ட மாட்டீங்கன்னா எங்களுக்கும் வேணாம்."

"ஐயோ, அப்படிச் சொல்லலம்மா…"

"அப்ப சாவியைக் குடுங்க. நீ முன்னால வா தங்கச்சி. நாங்க இன்னும் கொஞ்ச நேரம் தாங்குவோம், நீ தாங்க மாட்ட."

கைக்குக் கை தள்ளி அவளை முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். மேலாளர் சாவியை நீட்டினார். அதைக் கொடுத்ததாகவும் சொல்ல முடியாது, பிடுங்கியதாகவும் சொல்ல முடியாது. அவள் உள்ளே போய்த் தாழ் போட்டாள். இத்தனை நாளும் துடைத்து மட்டுமே வந்த அந்த இடத்தில் உட்கார்ந்தபோது கண்ணில் நீர் வந்தது, சிரிப்பும் வந்தது.

வெளியே மேலாளர் வேறு வழியில்லாமல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சுவர் ஓடுகளின் பெருமையைச் சொல்லத் தொடங்கியிருந்தார். அது நீளமான பெருமை என்று அவளுக்குத் தெரியும். அவர் சொல்லி முடிக்கும் வரை அவள் அவசரப்படவில்லை.