காலிக் குப்பைத் தொட்டி

எங்கள் குடியிருப்பில் படிக்கட்டைப் பெருக்குவதற்கு முறை உண்டு. யாருடைய வாரமோ அவர்கள் வீட்டுக் கதவுப்பிடியில் ஒரு சின்ன மரப்பலகை தொங்கும். சனிக்கிழமை காலையில் மேல்மாடியிலிருந்து நிலவறை வரைக்கும் பெருக்கித் துடைத்துவிட்டு, பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டவேண்டும். ஸ்டுட்கார்ட் பக்கத்தில் இதற்கெல்லாம் யாரும் முகம் சுளிப்பதில்லை. நானும் சுளித்ததில்லை.

என் கீழ்வீட்டு எக்கார்ட் மட்டும் ஒரு படி மேலே போவான். அடுத்தவர் பெருக்கிய படியில் விரலை ஓட்டிப் பார்ப்பான். முற்றத்துக் குப்பைத் தொட்டிகளின் மூடியைத் திறந்து, காகிதத்தோடு கிடக்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கி எடுத்து, அது எந்த வீட்டுக் குப்பை என்று கண்டுபிடித்து, அந்த வீட்டு வாசலிலேயே வைத்துவிட்டு வருவான். ஒரு தடவை என் தயிர் டப்பா எனக்கே திரும்பி வந்தது. கழுவி வைத்திருந்தான். குரலை உயர்த்திப் பேசியதே கிடையாது, எப்போதும் சிரிப்புதான். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவன் மனைவி மாரென் படிக்கட்டில் பார்த்தால் வணக்கம் சொல்வாள், நகர்ந்துவிடுவாள். ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவன் வேலைக்குக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் என் கதவைத் தட்டினாள். எட்டு வருடத்தில் அன்றுதான் முதல் தடவையாக என் வீட்டுக்குள் வந்தாள்.

"உல்ரிக்கா, நீங்க மாவட்ட அலுவலகத்துல கம்ப்யூட்டரைத் துடைக்கிற வேலைதானே பாத்தீங்க?"

"துணியை வச்சு இல்லம்மா. தூக்கிப் போடறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிறதைத் துடைக்கணும். ஓய்வு வாங்குற வரைக்கும் அதான் என் பொழப்பு."

அவள் சிரிக்கவில்லை. "ஒரு மெயிலை அழிச்சா அது நிஜமாவே போயிடுமா?"

"ஏன் கேக்குறீங்க?"

"போன மாசம் என் தங்கச்சி மெயிலை அழிச்சேன். மறுநாள் அது திரும்ப இன்பாக்ஸ்ல உக்காந்திருக்கு. அவர் ஒரு வார்த்தை கேக்கல. சாப்பிடும்போது உருளைக்கிழங்கைத் தட்டுல வச்சிட்டு, 'தங்கச்சி நல்லா இருக்காளா'ன்னாரு. அப்புறம் என் போனை வாங்கி வச்சுக்கிட்டாரு. அப்புறம்..."

வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

வேறு ஊரில் பெண்கள் காப்பகம் ஒன்றில் அவளுக்கு ஓர் அறை தயாராகிறதாம். திங்கள்கிழமை போகலாம். விலாசம் நேற்று மெயிலில் வந்திருக்கிறது. பையைக் கட்டி நிலவறையில் சைக்கிளுக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

"மெயிலை உடனே அழிச்சிட்டேன். ஆனா அவர் தினம் சாயங்காலம் வீட்டுக் கம்ப்யூட்டர்ல, அழிச்ச மெயில் போய் விழுற அந்தக் குப்பைத் தொட்டியைத் திறந்து பாப்பாரு. நேத்து ஏதோ கூட்டம்னு பாக்கல. இன்னைக்குப் பாப்பாரு. ஊர் தெரிஞ்சா அங்கயும் வந்து நிப்பாரு, உல்ரிக்கா."

கண்ணாடியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அவர்கள் வீட்டுக் கதவில் பலகை தொங்கியது. அந்த வாரம் மாரெனின் முறை.

எனக்கு நெஞ்சில் கொஞ்சம் குஷியும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். தெரிந்த வேலை, செய்து வெகுநாளாயிற்று. "குப்பைத் தொட்டியில போட்டா போச்சுன்னு நினைக்காதீங்க. அதையும் காலி பண்ணாக்கூட வாசல்ல பெயர்ப்பலகையைத்தான் கழட்டினீங்க. ஆள் உள்ளயேதான் இருப்பான். அவன் இருந்த இடத்துல வேற எதையாவது எழுதணும். அப்பதான் போவான்" என்று பாடம் நடத்தினேன். மெயில் குப்பையைக் காலி செய்தேன். அழித்ததன் மிச்சம் உள்ளே தங்காதபடி மெயில் கோப்புகளைச் சுருக்கினேன். போன இடம் வந்த இடமெல்லாம் பதிந்து வைத்திருக்கும் பிரவுசரைக் கழுவினேன். கடைசியாக, டிஸ்க்கில் காலியாக இருந்த இடம் முழுக்கப் பூஜ்யத்தை எழுத விட்டேன். பழைய கணினி, மாடு மாதிரி நகர்ந்தது. மதியம் வரைக்கும் மாரென் ஜன்னலை விட்டு நகரவில்லை.

மெயில்களை நான் படிக்கவில்லை. அலுவலகப் பழக்கம்.

"இனிமே அவர் இல்ல, அவங்க அப்பனே வந்தாலும் ஒரு எழுத்தைத் திரும்ப எடுக்க முடியாது" என்றேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். மேலே வந்தேன், அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை காலை வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் எக்கார்ட். இரண்டு கையிலும் அந்தக் கணினியைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நின்றான்.

"ஒரு சின்ன உதவி, உல்ரிக்கா. உள்ள வரலாமா?"

அதற்குள் வந்துவிட்டான். சமையலறை மேசையில் கணினியை வைத்தான்.

"மாரெனோட குப்பைத் தொட்டியில எப்பவும் முந்நூறு மெயில் கிடக்கும். தள்ளுபடி விளம்பரம், நூல்கடை, அது இதுன்னு. அவளுக்குக் காலி பண்ணத் தெரியாது. நேத்து சாயங்காலம் பாக்குறேன், ஒண்ணுகூட இல்ல. அப்படி ஒரு சுத்தம்." என்னைப் பார்த்துச் சிரித்தான். "இந்தக் கட்டடத்துல அப்படிச் சுத்தம் பண்ணத் தெரிஞ்சவங்க ஒருத்தர்தான்."

முட்டாள், முட்டாள் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஒரே ஒரு மெயிலை அழிக்கச் சொன்னாள். நான் பெருமைக்கு வீட்டையே கழுவிவிட்டு வந்திருக்கிறேன். குப்பையை எண்ணிப் பார்க்கிறவன் வீட்டில் குப்பை இல்லாமல் போனால் என்ன நினைப்பான் என்று ஒரு நிமிடம் யோசித்தேனா?

"திரும்ப எடுக்க முடியுமா?"

"முடியாது."

"ஒரு எழுத்துகூட?"

"ஒரு எழுத்துகூட."

"நல்ல வேலைக்காரங்க நீங்க." கணினியைத் தூக்கினான். "பரவாயில்ல. அப்ப மாரென்கிட்டதான் கேக்கணும். படி பெருக்குறா. முடிச்சிட்டு உள்ள வரட்டும், நிதானமாக் கேக்குறேன்."

அப்போதுதான் எனக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்தது. படிக்கட்டில் துடைப்பம் சர்ர், சர்ர் என்று போய்க்கொண்டிருந்தது. கீழ்த்தளத்துக்கு வந்து, நிலவறையையும் பெருக்கினால் வேலை முடிந்துவிடும்.

அவனுக்கு முன்னால் ஓடி, என் வீட்டு வாசற்கதவை மறித்து நின்றுகொண்டேன்.

"எக்கார்ட், பொய் சொல்லிட்டேன். எடுக்க முடியும்."

நின்றான். அவன் கண் பளபளத்தது. "எனக்குத் தெரியும், உங்களால முடியும்னு."

"ஆனா நேரம் பிடிக்கும்." கட்டடமே கேட்கும்படி கத்தினேன். "மதியம் வரைக்கும் ஆகும்! அது வரைக்கும் நீங்க என் சமையலறையிலயேதான் உக்காந்திருக்கணும்! ஒவ்வொரு மெயிலா வரும், எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்!"

கீழே துடைப்பம் நின்றது. ஒரு கணம்தான். மறுபடியும் சர்ர், சர்ர் என்று, முன்னைவிட வேகமாகத் தொடங்கியது.

டிஸ்க்கில் பழுது இருக்கிறதா என்று தேடும் பழைய மென்பொருள் ஒன்று என்னிடம் இருந்தது. அது எதையும் மீட்காது. ஆனால் திரை முழுக்க எண்களை ஓட்டும், அடியில் ஒரு பச்சைக் கோடு மெல்ல வளரும். அதை ஓட விட்டேன். எக்கார்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடுத்தவர் குப்பையைக் கிளறும் அதே ஆசையோடு திரையைப் பார்த்தான். அவனுக்குக் காபி ஊற்றினேன்.

துடைப்பச் சத்தம் இறங்கி இறங்கி, நின்றுபோனது.

அவன் தலையை உயர்த்தினான். "நின்னுடுச்சே."

"நிலவறைக்குப் போயிருப்பா."

"நிலவறையைப் பெருக்குறதும் கேக்கும்."

"இங்க பாருங்க, ஒரு பேர் வர்ற மாதிரி இருக்கு!" ஏதோ ஓர் எண்ணை விரலால் தொட்டுக் காட்டினேன். அவன் மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தான். நான் என் நாற்காலியை எடுத்துக்கொண்டுபோய்க் கதவை ஒட்டிப் போட்டேன்.

முற்றத்துக் கல்லில் சைக்கிள் சக்கரம் தடதடவென்று உருளும் சத்தம் கேட்டது. பிறகு தெருக் கதவு.

"யாரது?" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"குப்பை வண்டியா இருக்கும்."

பச்சைக் கோடு பாதிகூட வளரவில்லை. அவன் மெதுவாக என் பக்கம் திரும்பினான். எட்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த முகத்தில் சிரிப்பு இல்லை.

"சனிக்கிழமை குப்பை வண்டி வராது, உல்ரிக்கா."

எழுந்து நின்றான். நான் கதவில் முதுகை அழுத்திச் சாய்ந்து உட்கார்ந்தேன். எழுந்திருக்கவில்லை.